சட்டப்படி மூழ்கிய இளவரசர்

அரண்மனையில் எனக்குத் தேங்காய்த் துறையில் உத்தியோகம். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னைச் சமையற்கட்டில் தேங்காய் துருவுகிறவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் துருவுவதில்லை. உடைப்பதும் இல்லை. அரச குடும்பத்தார் படகில் போகும்போது எங்கள் துறையும் கூடவே போகும். படகு கவிழ்ந்தால், தண்ணீரில் விழுந்த திருமேனியை நோக்கித் தேங்காய் எறிவோம். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொள்ள வேண்டியது. கையால் தொட்டுத் தூக்கக் கூடாது. தூக்கினவனுக்குத் தலை போகும். படகோட்டிகள் அந்த நிமிஷமே நீந்தி அப்பால் போய்விட வேண்டும். பக்கத்தில் நின்றாலும் குற்றம்தான். மிகப் பழைய சட்டம். ஏன் அப்படி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால்தான் அது இத்தனை காலம் நீடித்திருக்கிறது.

என் மேலதிகாரி லுவாங் பிசான் பதவிக்கு வந்தபோது எங்கள் தேங்காய்கள் வெறும் தேங்காய்களாக இருந்தன. "இளவரசர் பிடிக்கப்போற வஸ்து இப்படியா நாரும் தும்புமா இருக்கறது?" என்று அவர் முகம் சுளித்தார். நாரை உரித்து, ஓட்டுக்கு அரக்குப் பூசி, பித்தளைப் பூண் போட்டு, உச்சியில் ஒரு சின்னக் கருடனும் வைத்த பிறகு அவை பார்க்க லட்சணமாகிவிட்டன. மிதக்குமா என்று யாரும் சோதிக்கவில்லை. இளவரசர் பிடிக்க வேண்டியதை அவருக்கு முன்னால் இன்னொருவன் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது மரியாதையாகாது.

இளவரசர் ரங்சான் எங்கள் துறைக்கு அப்போது அறிமுகமே இல்லை. அவருக்கும் அரியணைக்கும் நடுவே ஒரு கல்யாணப் பந்தி நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுக்கு மேற்கே, வாய்க்கால் ஓரமாக ஒரு மரவீடும் துரியன் பழத் தோட்டமும் அவருக்கு இருந்தன. முப்பது தாண்டிய வயது, நல்ல தொப்பை, கல்யாணம் ஆகவில்லை. காலையில் இடுப்பில் ஒரு கட்டம்போட்ட துண்டோடு வாய்க்காலில் குதித்து அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்புவார். திரும்பி வருகிற நேரத்துக்குச் சம்லியின் படகு படித்துறைக்கு வந்துவிடும்.

சம்லி அரிசிச் சேவையும் மீன் குழம்பும் விற்கிறவள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அவன் துடுப்பையும் அவன் வாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டவள் என்று வாய்க்காலில் சொல்வார்கள். இந்த ஈரத்துண்டு மனிதர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை என்பது அவள் எண்ணம். இளவரசரும் அதை மறுக்கவில்லை.

"தோட்டத்து அண்ணே, உங்க மொதலாளி இளவரசராமே. ஒரு நாளாவது இந்தப் பக்கம் தலையைக் காட்டுவாரா?"

"வருவாரு, வருவாரு. கொஞ்சம் கொழம்பு ஊத்து."

"எங்கே வரப்போறாரு. தின்னுட்டுத் தூங்குவாரு. உங்களை மாதிரி ஆளுதான் ஒழைச்சுக் கொட்டணும்."

"ஆமாம் சம்லி," என்று அவர் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டு, கிண்ணத்தை மறுபடி நீட்டுவார்.

அந்த ஆண்டில்தான் வாரிசு வரிசை குலைந்தது. ஒருவர் விஷக்காளான் சாப்பிட்டார். ஒருவர் மேல்நாட்டுக்குப் படிக்கப் போய்ச் சர்க்கஸ்காரியைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் சூனியப் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் இரண்டு புகாரும் உண்மை என்று தெரிந்தது. இன்னொருவர் ஜாதகத்தில், அவர் பிறக்கவே இல்லை என்று ஜோசியர்கள் கண்டுபிடித்தார்கள். இப்படிப் பந்தி காலியாகிக்கொண்டே வந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் இளவரசர் ரங்சான் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தார்.

வாரிசு வரிசைத் துறையின் தலைவர் பிரயா சம்னான் முரசு, சங்கு, ஏழு அடுக்குக் குடையோடு படித்துறைக்குப் போனார். தேங்காய்க் கூடையோடு நானும் போனேன். இளவரசர் நடு வாய்க்காலில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

"கரைக்கு எழுந்தருள வேண்டும்!" என்றார் பிரயா.

"யாரு?" என்று இளவரசர் சுற்றிலும் பார்த்தார்.

பிரயா ஈரப் படியிலேயே விழுந்து வணங்கிப் பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சை எங்கள் துறையில் இன்றும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: "பிரபுவே! நேற்று மாலைவரை தாங்கள் மனிதராக இருந்தீர்கள். அதற்காகத் தாங்கள் வெட்கப்பட வேண்டாம். எங்களில் பலர் அப்படித்தான் இருக்கிறோம். இன்று முதல் தாங்கள் நடப்பதில்லை, எழுந்தருளுகிறீர்கள். சாப்பிடுவதில்லை, அமுது செய்தருளுகிறீர்கள். தூங்குவதில்லை, கண்வளர்ந்தருளுகிறீர்கள். தும்முவது மட்டும் மூன்றாமிடத்துக்கு அனுமதி இல்லை. அது முதலிடத்துக்கு."

"அதெல்லாம் சரிங்க. நான் நீந்திக்கலாமா?"

பிரயாவின் முகம் வெளுத்தது. "நீந்துவதற்கு அரச மொழியில் சொல் இல்லை, பிரபுவே. சொல் இல்லாத காரியத்தைத் தாங்கள் செய்தால் குறிப்பெடுப்பவர் எதை எழுதுவார்? நீந்துகிறவன், தண்ணீர் தன்னைத் தாங்காது என்று சந்தேகப்படுகிறவன். தங்களைத் தாங்குவது தண்ணீரின் கடமை. அதன் வேலையைத் தாங்கள் செய்யக் கூடாது."

"தண்ணிக்கு அது தெரியுமா?"

"தெரிவிக்கப்படும்."

மறுநாளே ஓர் அதிகாரி வாய்க்காலைப் பார்த்து ஆணையை மூன்று முறை உரக்கப் படித்தார். வாய்க்கால் ஆட்சேபிக்கவில்லை.

அதன் பிறகு இளவரசரின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வெறுங்காலில் மண்ணை மிதிக்கக் கூடாது என்று தோட்டம் முழுக்கப் பாய் விரித்தார்கள். அவர் தலைக்கு மேலே யாருடைய தலையும் இருக்கக் கூடாது என்பதால் துரியன் பறிக்க மரம் ஏறுவது நின்றுபோயிற்று. பழங்கள் தாமாக விழுந்து வெடித்து நாறின. காலையில் சேவையும் மீன் குழம்பும் கேட்டார். கொண்டுவந்தார்கள். விஷச் சோதனைக்கு ஐந்து பேர் முறைப்படி ருசி பார்த்தார்கள். ஐந்தாமவர் தன் முடிவில் தனக்கே நிச்சயம் இல்லை என்று மறுபடியும் பார்த்தார். கிண்ணம் இளவரசரிடம் வந்தபோது அதில் ஒரு மிளகாய்க் காம்பு இருந்தது. அதை அவர் அமுது செய்தருளினார்.

சம்லியின் படகு இனிமேல் படித்துறைப் பக்கம் வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவள் அக்கரையில் நிறுத்திக்கொண்டு காவலாளியிடம் கத்தினாள்.

"எங்கேய்யா எங்க தோட்டத்து அண்ணன்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இங்கே அப்படி யாரும் இல்லை. இளவரசர்தான் இருக்காரு."

"அடப்பாவிங்களா, அவரு வந்ததும் வராததுமா அந்த மனுஷனை வேலையை விட்டுத் தூக்கிட்டாரா? வௌங்குவாரா அவரு!"

ஜன்னல் வழியாக இதைக் கேட்ட இளவரசர் துள்ளி எழுந்தார் என்று அவருடைய விசிறிக்காரன் சொன்னான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாராம். வெளியே பார்த்துப் பேச வேண்டுமானால் முதலில் முரசு அடிக்க வேண்டும் என்று பிரயாவின் ஆட்கள் தடுத்துவிட்டார்கள். முரசுக்காரன் சாப்பிடப் போயிருந்தான்.

மழைக்காலம் முடிந்து பிக்குகளுக்குக் காவித் துணி கொடுக்கும் திருநாள் வந்தது. மூன்றாமிடத்து இளவரசர் படகில் கோயிலுக்கு எழுந்தருள வேண்டும். இடம் உயர்ந்ததால் பரிவாரமும் உயர்ந்தது: குடைக்காரர்கள், விசிறிக்காரர்கள், சங்கு ஊதுகிறவர், அவர் மூச்சு வாங்கும்போது ஊதுவதற்கு இன்னொருவர், குறிப்பெடுப்பவர், எங்கள் தேங்காய்கள். பரிவாரத்தைக் கூட்ட அனுமதி வந்துவிட்டது. பெரிய படகுக்கு அனுமதி வரவில்லை. அது வேறு துறை. எல்லாருமாகப் பழைய படகில் ஏறினோம். தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. இளவரசருக்கு ஜரிகைச் சட்டை, அதன்மேல் தங்கக் கச்சை, அதற்கும் மேல் ஒரு ஜரிகை மேலங்கி. தலையில் கூம்புத் தொப்பி.

"பிரயா, படகு ரொம்பத் தாழ்ந்திருக்கே?"

"அது பணிவு, பிரபுவே."

வாய்க்கால் திருப்பத்தில் மீன் குழம்பு வாசனை வந்தது. இடதுபுறம் கரையோரமாகச் சம்லியின் படகு. மரியாதைக்காக அவள் தலையைக் குனிந்திருந்தாலும் வாய் வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. இளவரசர் தன்னை மறந்து இடதுபக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

இளவரசருக்கு முதுகு காட்டக் கூடாது. அவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் முன்னால் போய்க் குப்புற வணங்க வேண்டும். நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடதுபக்கம் பாய்ந்து, குப்புற விழுந்து வணங்கினோம். படகும் எங்களோடு சேர்ந்து இடதுபக்கம் வணங்கியது.

நான் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறித் தலையைத் தூக்கியபோது படகோட்டிகள் சட்டப்படி வெகுதூரம் போயிருந்தார்கள். பிரயா சம்னான் இளவரசரின் மர ஆசனத்தைக் கட்டிக்கொண்டு மிதந்தார். "அரச ஆசனத்தைக் காப்பாத்திட்டேன்! எல்லாரும் பாத்துக்கோங்க, நான்தான் காப்பாத்தினேன்!" என்று கூவினார். லுவாங் பிசான் காலியான தேங்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது மூங்கில் கூடை, நன்றாக மிதந்தது. தேங்காய்கள் பித்தளைப் பூணோடு பயபக்தியாக அடிக்குப் போய்விட்டன.

இளவரசர் நீந்த முயன்றார். ஜரிகை அவரைக் கீழே இழுத்தது.

"நீந்தாதீங்க பிரபுவே, சொல் இல்லை!" என்று ஆசனத்திலிருந்து பிரயா கெஞ்சினார்.

"சொல்லாவது மண்ணாவது, கை குடுங்கய்யா!" என்றார் இளவரசர். அடுத்த வார்த்தை குமிழியாக வந்தது.

குறிப்பெடுப்பவர் ஒரு தென்னை மட்டையைப் பற்றிக்கொண்டு, "எப்படி எழுதட்டும்? 'நீரில் கண்வளர்ந்தருளுகிறார்'னு போடலாமா?" என்று கேட்டார்.

என் கையில் ஒரு தேங்காய் மிச்சம் இருந்தது. விதிப்படி அதைத் தலைக்குமேல் தூக்கி மூன்று முறை வணங்கிவிட்டு எறிந்தேன். என் எறி தவறவில்லை. சரியாக இளவரசரின் நெற்றியில் பட்டது. அவர் உள்ளே போனார்.

அப்போதுதான் அந்தப் பாவம் நடந்தது. சம்லி துடுப்பை இரண்டு போடு போட்டு வந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, இளவரசரின் உச்சி மயிரைக் கொத்தாகப் பிடித்து, மூட்டையை ஏற்றுவது போல அவரைத் தன் படகில் இழுத்துப் போட்டாள். குழம்புச் சட்டி கவிழ்ந்தது. அவரைக் குப்புறப் புரட்டி முதுகில் காலை வைத்து மிதித்தாள். வாய்க்கால் அவர் வாய் வழியாக வெளியே வந்தது.

"எருமை! தோட்டத்து அண்ணே! நீங்களா? எதுக்கு இந்தக் கூத்தாடி வேஷம்? தெனமும் நீந்துற மனுஷன், இந்தத் தண்ணியில சாவறதுக்கா நான் கொழம்பு ஊத்தி வளர்த்தேன்?"

"சம்லி," என்றார் இளவரசர், கண்ணைத் திறக்காமல். "கொழம்பு கொட்டிடுச்சா?"

அவளைச் சங்கிலி போட்டு அழைத்துப் போனார்கள்.

விசாரணையைப் பிரயா சம்னானே நடத்தினார். இளவரசர் தலையில் கட்டோடு மேடையில் இருந்தார். கீழே சம்லி, பக்கத்தில் இரண்டு காவலர். நான் சாட்சி.

"முதல் குற்றம், அரச தலையைத் தொட்டது. மரணம். இரண்டாம் குற்றம், அரச முதுகில் கால் வைத்தது. மரணம். மூன்றாம் குற்றம், 'எருமை' என்றது. அதற்கும் மரணம்தான்." பிரயா நிமிர்ந்து பார்த்தார். "உன்னை மூணு தடவை கொல்லணும். எங்ககிட்ட வசதி ஒரு தடவைக்குத்தான் இருக்கு. மத்த ரெண்டையும் துறை பெருந்தன்மையா விட்டுக்கொடுக்குது. என்ன சொல்றே?"

"நான் என்ன சொல்றது. நீங்க அத்தனை பேரும் இருந்தீங்களே, ஒருத்தராவது கையைக் குடுத்தீங்களா? பலகையைக் கட்டிக்கிட்டு மெதந்தவரு நீங்கதானே?"

"நான் கடமையில் மிதந்தேன்," என்றார் பிரயா.

இளவரசர் பொறுக்க முடியாமல் எழுந்தார். அவர் எழுந்ததால் எல்லாரும் விழுந்து வணங்கினோம். சிறிது நேரம் அவர் எங்கள் முதுகுகளோடு பேச வேண்டியிருந்தது. "அவ என்னைக் காப்பாத்தினா! அவ இல்லேன்னா நான் செத்திருப்பேன்!"

"சட்டத்தில் 'தொட்டாள்' என்ற சொல் இருக்கிறது, பிரபுவே. 'காப்பாற்றினாள்' என்ற சொல் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்."

"பேரரசர்கிட்ட நான் போய் மன்னிப்புக் கேக்கறேன்."

பிரயா சட்டச் சுவடியை மூடி வைத்தார். பிறகு சம்லியைத் தவிர மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை, சாட்சி போகக் கூடாது என்பது விதி. அவர் குரல் தாழ்ந்தது. கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவரின் சாதாரணக் குரலாக இருந்தது.

"ஐயா, மனசுவிட்டுப் பேசறேன். நீங்க உயிரோட இருந்தா, படகு ஏன் கவுந்ததுன்னு பேரரசர் கேப்பாரு. படகு கவுந்து இளவரசர் பொழைச்சா, கவுத்தவங்க தலை போகும். அந்தப் படகுல நாங்க நாப்பது பேரு. எல்லாரும் புள்ளகுட்டிக்காரங்க. ஆனா இளவரசர் சொர்க்கம் போயிட்டாருன்னு வைங்க, அது அவரு கர்மவினை. யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. ஈமச்சடங்கு நடத்தினவங்களுக்குப் பதவி உயர்வு உண்டு. நீங்க பொழைச்சது யாருக்குமே வசதியா இல்லீங்க."

"அதுக்கு?"

"நீங்க மூழ்கிட்டீங்க. சட்டப்படி, நீந்தாம, யாரும் தொடாம, ரொம்ப ஒழுங்கா மூழ்கினீங்க. இந்தப் பொம்பளை தண்ணியிலேருந்து யாரையோ இழுத்தா. யாரோ ஒருத்தரை இழுக்கறது குத்தமில்லே. அவ வீட்டுக்குப் போகலாம். ஆனா நீங்க அந்த யாரோ ஒருத்தரா ஆயிடணும். பேரு, வீடு, தோட்டம், எதுவும் கிடையாது."

இளவரசர் உட்கார்ந்தார். அவர் நட்ட மரங்கள் பாதி அந்தத் தோட்டத்தில் இருந்தன. அம்மாவின் அஸ்தியை அவர் அங்கேதான் வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து அவரிடம் இருந்த ஒரே சொந்தச் சம்பாத்தியம் அந்தப் பெயர். அதுவும் யாரோ கொடுத்ததுதான். அவர் முகம் வேர்த்தது. சம்லியைப் பார்த்தார். சங்கிலி அவள் மணிக்கட்டைச் சிவக்க வைத்திருந்தது. இத்தனை நேரம் சத்தமாகப் பேசினவள் சங்கிலி சத்தம் போடாதபடி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், அவரும் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன அண்ணே பாக்கறீங்க?" என்றாள் அவள். "எனக்காக வீடு வாசலை விடாதீங்க. கொஞ்சம் யோசிச்சே சொல்லுங்க. ஆனா ரொம்ப யோசிக்காதீங்க."

"யோசிக்க என்ன இருக்கு," என்றார் இளவரசர். "நான் செத்துட்டேன்."

"'செத்துட்டேன்' கூடாது," என்று பிரயா உடனே பழைய குரலுக்குத் திரும்பினார். "'சொர்க்கம் எழுந்தருளினோம்' என்று சொல்ல வேண்டும். இதுதான் தாங்கள் கடைசியாக உபயோகிக்கும் அரச சொல். கொஞ்சம் அழகாகச் சொல்லுங்கள்."

அவர் அழகாகச் சொன்னார். பிரயா கண்ணீர் விட்டார். அது நடிப்பில்லை என்றே நினைக்கிறேன்.

நாடு முழுவதும் துக்கம். ஆண்கள் எல்லாரும் மொட்டை அடிக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். மறுநாள் சம்லியின் படகில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவரைக் காவலன் பிடித்தான்.

"ஏன்டா இன்னும் மொட்டை அடிக்கலே? இளவரசர் ரங்சான் போயிட்டாரு, உனக்கு ஒரு வருத்தமும் இல்லையா?"

"இருக்கு. ஆனா அவ்வளவு இல்லே."

"அவர் எப்பேர்ப்பட்டவர் தெரியுமாடா?"

"நல்லாத் தெரியும். தின்னுட்டுத் தூங்குவாரு."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. இத்தனை நாள் தொட முடியாத கன்னம் அது. காவலன் அவரை நாவிதனிடம் இழுத்துப் போய்த் தனக்காகத் தானே மொட்டை அடித்துக்கொள்ள வைத்தான். அதோடு விடவில்லை. எங்கள் ஊரில் குடியானவன் என்றால் மணிக்கட்டில் எஜமானின் பெயரைப் பச்சை குத்தியிருக்க வேண்டும். இவர் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பச்சை குத்தும் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

"எங்கே வேலை பார்த்தே?" என்று அங்கே ஒரு எழுத்தர் கேட்டார்.

"துரியன் தோட்டத்துல."

"யாரோட தோட்டம்?"

"காலஞ்சென்ற இளவரசர் ரங்சானோடது."

"அப்ப நீ அவரோட ஆள்தான்." அவர் மணிக்கட்டில் அவருடைய பெயரையே குத்தி, அவரை அவருக்கே அடிமையாகப் பதிவு செய்தார்கள். "எஜமான் செத்தா அவரோட ஆளுங்க எல்லாம் சடங்குக்கு இலவசமா வேலை செய்யணும். நாளைக்குக் காலையில தகன மேடைக்கு வந்துடு. மூங்கில் சுமக்கணும்."

அவர் போனார். தன் சிதைக்குத் தானே மூங்கில் சுமந்தார். "மெதுவா நடக்கறே, எஜமான் மேல விசுவாசமே இல்லையே உனக்கு" என்று மேஸ்திரி அவரை ஏசியது என் காதில் விழுந்தது. அரச உடலை அமர வைக்கும் தங்கக் கலசம் காலியாக இருந்ததால் தூக்கும்போது தள்ளாடியது. பாரத்துக்காக அரண்மனைக் கிடங்கிலிருந்து எங்கள் தேங்காய்களைக் கொண்டுவந்து உள்ளே அடுக்கினோம். தலைநகரமே தரையில் விழுந்து அந்தத் தேங்காய்களை வணங்கியது. லுவாங் பிசான் பெருமிதத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

தகனத்தன்று பிரயா சம்னான் பேசினார்: "தண்ணீர் மூக்குவரை வந்தபோதும், நீந்த வேண்டும் என்ற அற்ப ஆசை அவருக்கு வரவில்லை! நாங்கள் நாற்பது பேர் சுற்றி நின்றோம். ஒருவராவது அவரைத் தொட்டோமா? இல்லை! எங்கள் கட்டுப்பாட்டைப் பார்த்து அவர் புன்னகை செய்தபடி மறைந்தார். இப்படி ஓர் இளவரசர் எங்களுக்கு மறுபடி கிடைப்பாரா? கிடைத்தால் அவரையும் இதே போலப் பார்த்துக்கொள்வோம் என்று உறுதி கூறுகிறேன்!"

கூட்டம் தேம்பியது. மூங்கில் சுமந்த மொட்டைத் தலை ஒன்றும் தேம்பிற்று.

"நீங்க எதுக்கு அழுவுறீங்க?" என்று சம்லி அதட்டினாள்.

"தெரியலே சம்லி. நான் இருந்தப்ப என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லாச் சொன்னதில்லே."

"மூக்கைச் சிந்துங்க. படகு காத்திருக்கு."

பிரயா எதிர்பார்த்தது போலப் பதவி உயர்வு வந்தது. எனக்கும் வந்தது, கடைசித் தேங்காயைக் குறி தவறாமல் எறிந்தவன் என்று. ஆனால் வரிசை அதோடு நிற்கவில்லை. அடுத்த கோடைக்குள் முதலாமவர் காவி உடுத்திக் காட்டுக்குப் போனார். இரண்டாமவர் தும்மிவிட்டார்; முதலிடம் காலியாகும் முன்பே தும்மினதால் தகுதி இழந்தார். அப்படியானால் முதலிடம் மூன்றாமவருக்கு. அவரோ கலசத்தில் இருந்தார்.

பிரயா ஒரு மத்தியானம் பரிவாரம் இல்லாமல் ஒரு சின்னப் படகில் சம்லியின் படகோரம் வந்தார். நான் அங்கே சேவை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரங்சான் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார்.

"பிரபுவே," என்று அவர் கும்பிட்டார். "துறை மறுபரிசீலனை செய்தது. தாங்கள் எழுந்தருளிய சொர்க்கவாசம் தற்காலிகமானது. திரும்பி வர வேண்டும். இம்முறை முதலிடம். தும்மலாம்."

"யாரைக் கூப்பிடறீங்க ஐயா? நான் யாரோ ஒருத்தன்."

"அரண்மனை காலியா இருக்குங்க. வராட்டி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவேன்."

ரங்சான் உலக்கையை வைத்துவிட்டு, மிளகாய்க் கையைத் துடைத்து நீட்டினார். "பிடிங்க."

பிரயா தன் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். இவர் இளவரசராக இருந்தால் தொடுகிறவனுக்குத் தலை போகும். இளவரசர் இல்லையென்றால் பாத்திரம் கழுவுகிறவனை அரண்மனைக்கு இழுத்துப்போகக் காரணமே இல்லை. அந்தக் கை வெகுநேரம் வெயிலில் அப்படியே நின்றது. நீட்டின கையைச் சும்மா மடக்க அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. கடைசியில் அதில் சம்லி ஒரு கிண்ணத்தை வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். காரம் அதிகம் என்று சொன்னார்.

வரிசையில் அடுத்தவர் நான்காமவர். ஒல்லியான, கண்ணாடி போட்ட இளைஞர். பட்டாம்பூச்சிகளைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாராம். மறுவாரம் அவர் வீட்டுப் படித்துறைக்கு முரசும் சங்கும் போயின. சங்குச் சத்தம், சம்லியின் படகில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாய்க்கால் திருப்பம்வரை கேட்டது. அதற்குப் பின்னாலேயே வேறொரு சத்தம்: யாரோ வேகமாகத் துடுப்பு போடுகிற சத்தம்.

அவர் தனியாக வந்தார். ஜரிகைச் சட்டைக்குப் பாதி பொத்தான்தான் போட்டிருந்தது. சம்லியின் படகைப் பார்த்ததும் துடுப்பை வீசி எறிந்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஆளுங்களைத் தண்ணியிலேருந்து தூக்கிப் போடற அம்மா நீங்கதானே?"

"ஆமாம், அதுக்கென்ன இப்ப?"

"கொஞ்சம் பக்கத்துல வாங்க," என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் குதித்தார்.

"அட கடவுளே, பாத்திரம் கழுவ எனக்கு ஒரு ஆள் போதும்!" என்று சம்லி அலறினாள். அலறிக்கொண்டே துடுப்பைப் போட்டாள். திருப்பத்தில் முரசுப் படகு தெரிந்தது. பிரயா அதில் எழுந்து நின்று கைகளை ஆட்டினார். ரங்சான் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டி விளிம்பில் குனிந்து, மூழ்கி எழும்பிக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்துக் கத்தினார்:

"தம்பி, முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டு! அதுதான் கனம்!"